தொண்ணூற்று மூன்று நாள் ஆடி

எங்கள் வீதியில் ஆடி மாதம் தொண்ணூற்று மூன்று நாள் நடந்த வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், அது எப்படி நடந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எப்படி நடந்தது என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அப்போது நேரமும் இருக்கவில்லை. கூழ் காய்ச்சவும், காற்றில் பறந்துபோன துணிகளைத் தேடிக் கொண்டுவரவும், மாவு மில் பொங்கியண்ணனைச் சமாதானப்படுத்தவுமே எங்களுக்குப் பொழுது சரியாக இருந்தது. ஆகவே எப்படி என்பதை விட்டுவிட்டு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நாலாங்கிணற்று வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். வீதியில் உள்ள அத்தனை பேருடைய பத்திரமும் ஜாதகமும் ஒரு தடவையாவது என் கை வழியாகப் போயிருக்கின்றன, அந்தத் தகுதி போதும்.

பவானியில் இரண்டு ஆறும் சேருகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீதி. அதில் பதினேழாம் நம்பர் வீட்டில் மயிலாத்தாள் முப்பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருந்தார். வயது எழுபது, உயரம் நாலடி ஆறு அங்குலம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில் வீதியில் யார் யாரிடம் கடன் கேட்டார்கள், யார் யாருக்காக அழுதார்கள், எந்தச் சம்பந்தம் எந்த வார்த்தையில் முறிந்தது என்பதெல்லாம் அவர் காது வழியாகத்தான் போனது. அதில் ஒரு சொல்லைக்கூட அவர் வெளியே விட்டதில்லை, அதனால் வீதி முழுக்க அவரை மயிலக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டது, கொஞ்சம் பயத்தோடும்தான்.

தனியாக இருக்கிற பொம்பளைக்கு யாரும் வீடு கொடுக்காத காலத்தில் பொங்கியண்ணனின் அப்பா நாச்சிமுத்துதான் அவருக்கு வீடு கொடுத்தார். அப்போது வீட்டுக்குப் பூச்சு வேலைகூட முடியவில்லை. சமையல் மேடையை எவ்வளவு உயரம் கட்டட்டும் என்று கொத்தனார் கேட்க, குடி வரப்போகிற அம்மாவையே கேளு என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேடை மயிலக்காவின் இடுப்புக்குக் கட்டப்பட்டது. மேடை இறங்கினதும் அலமாரி இறங்கியது, அலமாரி இறங்கினதும் சுவிட்சு, சுவிட்சைத் தொடர்ந்து குழாய், கண்ணாடி, சட்டை மாட்டும் ஆணி, சாமிப் படம் என்று அந்த வீட்டில் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக அவர் உயரத்துக்கு இறங்கி வந்தன. பஸ்ஸில், பாங்கியில், தபாலாபீசில், ரேஷன் கடையில் எங்கே போனாலும் அவர் எக்கி நின்றுதான் ஆகவேண்டும். உலகத்திலேயே பதினேழாம் நம்பர் வீட்டுக்குள் மட்டும்தான் அவருடைய குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.

பொங்கியண்ணன் கெட்டவர் கிடையாது. ஆனால் சகுனத்துக்குப் பயந்தவர். பல்லி கத்தினால் மில்லை ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் மறுபடியும் ஓட்டுவார். அந்த வருஷம் ஆனி மாதத்தில் தன் மகன் நவநீதனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் குமாரபாளையத்திலிருந்து சிந்துஜா என்கிற பெண்ணைக் கட்டிவைத்தார். புது ஜோடிக்குத் தனி வீடு வேண்டும், தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனக்கே ஒரு வீடு இருக்கிறது, கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று ஆனி கடைசியில் ஒரு காலை நேரம் மயிலக்காவின் வாசலில் போய் நின்று, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். எப்போது காலி பண்ண வேண்டும் என்று மயிலக்கா கேட்டார்.

“உடனேன்னு சொல்லலீங்கக்கா. ஆடி பொறக்குது. ஆடியில வீடு மாத்தக் கூடாதுங்க, நமக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. ஆடி போகட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி சாவி குடுத்தாப் போதும்.”

“சரி பொங்கியண்ணா. ஆடி போகட்டும்” என்றார் மயிலக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் குடை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார். பவானியில் பதினோரு வீடு பார்த்தார், பதினொன்றிலும் சமையல் மேடை அவர் நெஞ்சுக்கு வந்தது. திருப்பூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிற அண்ணன் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டான். போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்து மோர் குடித்தவர், லிப்டில் ஐந்து வரைக்கும்தான் கை எட்டுகிறது, மேலே நாலு மாடியும் நடந்து ஏறினேன் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, நான் ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. முதல் நாள் வழக்கம்போல் குச்சியில் குத்திய தேங்காயை வாசலில் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்தோம். புதுப்பெண் சிந்துஜாவை அவள் அண்ணன் வந்து குமாரபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான், ஆடியில் புதுப்பெண் மாமனார் வீட்டில் இருக்கக் கூடாதல்லவா. பதினெட்டாம் நாள் ஆற்றில் முளைப்பாரி விட்டோம். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், காற்று அடித்தது, ஜவுளிக் கடைகளில் தள்ளுபடி நடந்தது, இப்படியாக முப்பத்தோரு நாளும் முடிந்தன. மறுநாள் காலையில் எல்லோரும் நாள்காட்டியில் தாளைக் கிழித்தோம். ஆடி முப்பத்திரண்டு என்று இருந்தது.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வருஷம் ஆடிக்கு முப்பத்திரண்டு நாள் வருவது உண்டுதான். அதற்கு மறுநாள் ஆடி முப்பத்து மூன்று என்று வந்தபோது அச்சகத்தாரைத் திட்டினோம். முப்பத்து நாலு வந்தபோது, அடுத்த வீதிக்குப் போய் அங்கே சுவரில் ஆவணி மூன்று என்று இருந்த நாள்காட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் கடையில் மாட்டினேன். ஆணியில் தொங்கினதும் அதுவும் ஆடி முப்பத்து நாலு ஆகிவிட்டது. இங்கிலீஷ் தேதி ஒழுங்காக ஓடியது, சம்பளம் வந்தது, கரண்ட் பில்லும் வந்தது, பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சைகூட நடந்தது. தமிழ் மாசம் மட்டும் எங்கள் வீதியை விட்டு நகர மாட்டேன் என்றது. ஊர் முழுக்கக் காற்று நின்றுபோன பிறகும் எங்கள் வீதிமுனை மின்கம்பத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் மட்டும் ஆடிக் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் தலைவாரிக்கொண்டு நின்றவர் இந்தப் பக்கம் ஓரடி எடுத்துவைத்தால் பரட்டைத் தலையோடுதான் வந்து சேருவார்.

மனிதனுக்கு எதுவும் பத்து நாளில் பழகிவிடுகிறது. வெள்ளிக்கிழமைக் கூழுக்கு வீடு வீடாக முறை வைத்தோம். ஒன்பதாவது வெள்ளிக்குக் கம்பு என்ற சொல்லைக் கேட்டாலே குழந்தைகள் ஓடி ஒளிந்தன, ஆனால் கூழ் குடித்தே சர்க்கரை இறங்கிவிட்டதாக ரிடையர்டு வாத்தியார் ஒருவர் டாக்டர் சீட்டை எல்லோருக்கும் காட்டினார், நான்தான் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஜவுளிக் கடைக்காரர் தள்ளுபடிப் பலகையைக் கழற்றப் பார்த்து, ஆடி இருக்கும்போது எப்படிக் கழற்றலாம் என்று பெண்கள் சண்டைக்குப் போனதால் விட்டுவிட்டார். பிறகு ஈரோட்டிலிருந்தெல்லாம் கூட்டம் வர ஆரம்பித்ததும், ஆடி இன்னும் கொஞ்ச நாள் இருக்குமா என்று அவரே பூசாரியிடம் ரகசியமாகக் கேட்டார். மேலே படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெட்டியோடு எங்கள் வீதியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆடியில் பெண் பார்க்க யார் வருவார்கள்?

ஆடி யாருக்காக நின்றது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மயிலக்கா காலையில் வாசல் தெளிக்க வரும்போது, இன்றைக்குத் தேதி என்ன என்று யாராவது கேட்பார்கள், அவர் கோலமாவுக் கிண்ணத்தைப் பார்த்தபடி ஆடி நாற்பத்தெட்டு, ஆடி நாற்பத்தொன்பது என்று மெதுவாகச் சொல்வார். அந்தக் குரலில் சந்தோஷமும் இருந்தது, அடுத்தவர் பொருளை எடுத்து வைத்திருக்கிறவரின் கூச்சமும் இருந்தது.

கஷ்டப்பட்டவன் நவநீதன். கட்டிய மனைவி ஆற்றுக்கு அக்கரையில், இவன் இக்கரையில். குமாரபாளையத்தில்தான் ஆவணி வந்துவிட்டதே, நான் அங்கே போகிறேன் என்று அவன் கிளம்பியபோது பொங்கியண்ணன் விடவில்லை. அடுப்பு எந்த மாசத்தில் எரிகிறதோ அந்த மாசத்து ஆள்தான் நீ, போகிற இடத்துக்கெல்லாம் ஆடியைத் தூக்கிக்கொண்டு போகாதே என்றார். ஆடியில் தரித்த குழந்தை சித்திரை வெயிலில் பிறக்கும், பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதை அவர் மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினார். ஆவணியும் கடந்து புரட்டாசியும் பிறந்துவிட்டது, இப்போது தரித்தால் ஆனியில்தானே பிறக்கும் என்று நான் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். நாள்காட்டியைப் பாருங்க, உங்க விரலைப் பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டார்.

ஆடி அறுபத்தாறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, சிந்துஜா ஒரு பெட்டியோடு பாலத்தைக் கடந்து நடந்தே வந்து என் கடை வாசலில் நின்றாள். ஐந்தடி எட்டு அங்குலம் இருப்பாள், காற்று அவள் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. தாயில்லாத பெண், அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். ஒரு மாசம் நாத்தனாரை வைத்துக்கொள்ள அண்ணிக்குக் கஷ்டமில்லை, இரண்டு மாசம் தாண்டினதும் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட ஆரம்பித்திருந்தன. யாரும் போகச் சொல்லலீங்க, நானே வந்துட்டேன் என்றாள். விஷயம் தெரிந்து பொங்கியண்ணன் மாவு படிந்த தலையோடு ஓடி வந்தார். உள்ளே வா என்று சொல்ல ஆடி விடவில்லை, திரும்பிப் போ என்று சொல்ல மனசு வரவில்லை, மருமகள் முன்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மில்லுக்குள்ளிருந்து நவநீதன் எட்டிப் பார்த்தான், அப்பாவைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வீதி முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, மயிலக்கா காற்றில் மடங்கிய குடையோடு குறுக்கே நடந்து வந்து அந்தப் பெண்ணின் பெட்டியைக் கையில் எடுத்தார். “வா கண்ணு, தண்ணி குடி. நின்னுட்டே இருந்தாக் காலு நோவும்” என்று மட்டும் சொன்னார். தன்னைவிட ஓரடிக்கு மேல் உயரமான பெண்ணைப் பின்னால் கூட்டிக்கொண்டு அவர் பதினேழாம் நம்பருக்குள் போனபோது, யாரை வரவைக்கத் தன்னைப் போகச் சொன்னார்களோ அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போகிறாரே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் பூசாரி காளியப்பன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அவருக்கு வேறு வேலை கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை. மருமகள் ஆடியில் மாமனார் வீட்டில் இருக்கக் கூடாது, சரி. இப்போது மருமகள் பதினேழாம் நம்பரில் இருக்கிறாள். பதினேழாம் நம்பர் யாருடைய வீடு? இதைக் கேட்டதும் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பத்திரம் பொங்கியண்ணன் பேரில்தான் இருக்கிறது, நானே மூன்று பிரதி எடுத்திருக்கிறேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன், என் வாய்க்கு அப்படி ஒரு ராசி. அப்படியானால் அந்தப் பெண் நேற்றிலிருந்து மாமனார் வீட்டில்தானே இருக்கிறாள் என்றார் பூசாரி. பொங்கியண்ணன் முகத்தில் இருந்த மாவு வியர்வையில் கரைந்து இரண்டு கோடாக இறங்கியது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேசியது. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர் வீடு என்றது ஒரு கட்சி. அடுப்பு மூட்டுகிறவர் வீடுதான் வீடு, இல்லாவிட்டால் பாங்கிக் கடனில் வாங்கிய வீடெல்லாம் பாங்கி வீடு ஆகிவிடாதா என்றது இன்னொரு கட்சி. வாத்தியார் இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார். உடையவரே அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அது என் வீடு இல்லை, அந்த அம்மா வீடு என்று சொல்லிவிட்டால், பெண் இருப்பது பிறத்தியார் வீடு, தோஷம் கிடையாது. சொல்லாவிட்டால் அவர் இஷ்டம்.

பொங்கியண்ணன் கற்பூரத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் அப்பா கட்டிய வீடு, ஒரு பக்கம் இன்னும் தரிக்காத பேரன். கடைசியில் பேரன்தான் ஜெயித்தான்.

“பதினேழாம் நம்பரு மயிலக்கா வீடுங்க” என்றார். பூசாரி இன்னும் சத்தமாக என்று கையைக் காட்டினார். “என்ற வீடு இல்லீங்க, மயிலக்கா வீடு. ஆடி முடியற வரைக்கும்.”

அந்தக் கடைசி மூன்று சொல்லையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மயிலக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பதினேழாம் நம்பரிலிருந்து தாளிக்கிற வாசம் வந்தது.

அப்புறம் வந்த இருபத்தேழு நாளையும் போல ஒரு காலத்தை எங்கள் வீதி பார்த்ததில்லை. சிந்துஜா முதல் நாளே ஆணியில் தோளை இடித்துக்கொண்டாள், கண்ணாடியில் தன் கழுத்தைத்தான் பார்த்தாள், குழாயடியில் முட்டி போட்டாள், மேடை முன்னால் குனிந்து நின்று வெங்காயம் நறுக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நாற்காலி போடாமலேயே பரணில் கை விட்டாள். முப்பத்தொன்பது வருஷமாகத் தன் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்த மயிலக்காவுக்கு, அந்தக் காலத்துக் கொத்தனார் மறந்து விட்டுப்போன கரண்டியும் பாதி பீடிக்கட்டும் எடுத்துக் காட்டப்பட்டன. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு என் கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் அவரை முதலில் மயிலக்கா என்றாள், பிறகு அத்தை என்றாள், ஒரு வாரத்தில் அது மயிலம்மா என்று வந்து நின்றது.

நவநீதன் தினமும் ஒரு மாவுப் பொட்டலத்தோடு வந்தான். ராகி மாவு, அரிசி மாவு, கடலை மாவு என்று அந்தச் சமையலறையில் வைக்க இடமில்லாமல் போயிற்று. அவன் வாசலுக்கு வெளியே நிற்பான், அவள் நிலைக்கு உள்ளே நிற்பாள், நடுவில் முக்காலி போட்டு மயிலக்கா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும், முறத்திலிருந்து தலையை எடுக்காமல், ட்ரங்க் காலில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை குறுக்கிடுகிற பழைய எக்ஸ்சேஞ்சுக் குரலில், “மூணு நிமிசம் முடிஞ்சுதுங்க. நீட்டிக்கலாமா?” என்று கேட்பார். நீட்டிக்கலாமுங்க என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு நாள் பதினாலு தடவை நீட்டித்ததாக வாத்தியார் எண்ணிச் சொன்னார்.

ஆடி தொண்ணூறாம் நாள் நவநீதனுக்குக் காய்ச்சல். அன்றைக்கு அவன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார், டாக்டர் வந்து போனார், சாதாரணக் காய்ச்சல்தான். ஆனாலும் சிந்துஜா மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே நாலு வீடு தள்ளி இருக்கிற வீட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், சோறு காய்ந்து போனது. உள்ளேயிருந்து மயிலக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தன் நெஞ்சில் ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்தது என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். தான் நிம்மதியாக நின்றுகொள்ள இந்தப் பிள்ளையை எத்தனை நாள் வாசலில் நிற்க வைப்பது என்று தோன்றியதாம்.

தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “நாளான்னிக்கு உன்னை அனுப்பி வெக்கறேன் கண்ணு” என்றார்.

“ஆடி இன்னும் போகலீங்களே மயிலம்மா.”

“போன்னு சொன்னாப் போகும். நாந்தான் சொல்லாம வெச்சிருந்தேன்.”

சிந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அழுதாள், அப்போ உங்க வீடு என்னாகுமுங்க என்று ஆரம்பித்தாள். வீடு கிடக்கட்டும், எனக்கு எக்கி நின்று பழக்கம் இருக்கிறது என்று மயிலக்கா சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் கை சமையல் மேடையைத் தடவிக்கொண்டிருந்தது என்று சிந்துஜா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆடி தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை, நல்ல நேரம் பார்த்து, தாய் வீட்டிலிருந்து பெண்ணை அனுப்புகிற முறை ஒன்று விடாமல் நடந்தது. மஞ்சள், குங்குமம், வளையல், ஒரு மாம்பழக் கலர் புடவை, ஒரு தூக்குப் போசி நிறைய முறுக்கு. குமாரபாளையத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள், அண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டாள். பதினேழாம் நம்பரிலிருந்து பொங்கியண்ணன் வீட்டுக்கு நாற்பது எட்டு எடுத்துவைத்தால் போதும். அந்த நாற்பது எட்டையும் நடக்க அரைமணி நேரம் ஆயிற்று, வீட்டுக்கு வீடு நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். பொங்கியண்ணன் தன் வாசலில் நின்றுகொண்டு, ஆடி முடியாமல் எப்படி உள்ளே விடுவது என்று பூசாரியைப் பார்த்தார். மயிலக்கா அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட அண்ணாந்து, எக்கி நின்று, “போயி நல்லா இரு. ஆடி போச்சு” என்றார்.

காற்று நின்றது. அந்த மாதிரி ஒரு அமைதி மூன்று மாசமாக எங்கள் காதில் விழுந்ததே இல்லை, கொடியில் கிடந்த வேட்டிகள் அப்படியே தொங்கின. நவநீதன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். மறுநாள் தாளைக் கிழித்தால், ஊரோடு ஒத்து ஐப்பசி ஒன்று என்று இருந்தது. குழந்தைகள் கம்புக் கூழ் ஒழிந்தது என்று கத்திக்கொண்டு ஓடின.

மயிலக்கா பழையபடி ஒண்டிக்கட்டை ஆனார். பொங்கியண்ணன் சாவி கேட்டு வருவார் என்று ஐப்பசி ஒன்றாம் தேதி காத்திருந்தார், இரண்டாம் தேதி காத்திருந்தார். தெருமுனையில் பொங்கியண்ணன் தலை தெரியும்போதெல்லாம் நாங்கள் பதினேழாம் நம்பர் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். அவரோ வருவதாகவும் இல்லை, வரமாட்டேன் என்று சொல்வதாகவும் இல்லை. அம்மன் முன்னால் சொன்ன வார்த்தையையும் அதில் தானே சேர்த்த மூன்று சொல்லையும் மனதுக்குள் அரைத்துக்கொண்டு மில்லிலேயே கிடந்தார். மயிலக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போடுவார், சாயங்காலம் சமைக்க மறுபடியும் வெளியே எடுப்பார். இப்படி ஆறு நாள் போயிற்று.

ஏழாம் நாள் காலையில் மயிலக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு பட்டு வேட்டி எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். கல்யாணம் ஆன வருஷம் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைக்க வேண்டும். இன்னும் பத்து நாளில் தீபாவளி. அழைக்க வேண்டிய சிந்துஜாவின் அண்ணன் முதல் நாளே போனில் பேசி, உங்க கையாலேயே நடக்கட்டுமுங்க என்று விட்டுக்கொடுத்திருந்தான். முப்பத்தொன்பது வருஷமாக வாடகை கொடுக்க மட்டும் ஏறிய படியில் மயிலக்கா அன்றைக்குத் தட்டோடு ஏறினார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன், வீதியில் பாதிப் பேர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார்கள்.

பொங்கியண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். பக்கத்தில் நவநீதனும் சிந்துஜாவும் நின்றார்கள்.

“மாப்பிள்ளையத் தலைதீவாளிக்குக் கூப்பிட வந்தேனுங்க. மொத நாளே வந்து தங்கோணும்” என்றார் மயிலக்கா.

பொங்கியண்ணன் தட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு, கேட்டுத்தான் ஆகவேண்டும் என்கிற மாதிரி, எந்த வீட்டுக்குங்க என்று கேட்டார்.

வாடகைக்கு இருக்கிற வீட்டை மயிலக்கா அதுவரைக்கும் குடியிருக்கிற வீடு என்றுதான் சொல்வார், வேறு விதமாகச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

“என்ற வீட்டுக்குத்தான்” என்றார்.

பொங்கியண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

“வந்தர்றோமுங்க, சம்பந்தி.”